ஆள் என்ற ஒரு சொல்: நீதிபதி எல்மர் டண்டியின் வாழ்வும் தீர்ப்பும்

ஆட்கொணர்வு மனு என்ற சொல் எமது வீடுகளுக்குள் சட்டப் புத்தகங்களின் வழியாக வரவில்லை. இறுதிப் போரின் முடிவில் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களைத் தேடிய தாய்மாரும் மனைவிமாரும் நீதிமன்றப் படிகளில் ஏறியபோதுதான் அது எமது அன்றாடச் சொல்லாயிற்று. பிடித்து வைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் அவரை வைத்திருக்கிறோம் என்று காரணம் காட்ட வேண்டும். இவ்வளவுதான் அந்த மனுவின் பொருள். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் பிறந்த இந்தப் பரிகாரம் பிரித்தானியர் ஆண்ட நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. அமெரிக்காவும் இலங்கையும் அதை ஒரே ஊற்றிலிருந்து பெற்றுக்கொண்ட நாடுகள்.

இந்த மனுக்களைப் பற்றி எழுதத் தொடங்கிய நாட்களில், பிற நாடுகளில் இதே பரிகாரம் எப்படிப் பயன்பட்டது என்று தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாயிற்று. அப்படிப் படித்தவற்றுள் 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பு என்னை நெடுநாள் விடவில்லை. அந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்த முதற் கேள்வி, இவரை ஏன் பிடித்தீர்கள் என்பதல்ல. பிடிக்கப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்தானா என்பதே.

ஆம் என்று பதில் சொன்ன நீதிபதியின் பெயர் எல்மர் டண்டி. அந்த வழக்கில் விடுதலையான பழங்குடித் தலைவரை இன்று அமெரிக்காவில் பலர் அறிவர். நீதிபதியின் வாழ்வை அறிந்தவர்கள் குறைவு. அவர் புனிதரும் அல்லர், போராளியும் அல்லர். எல்லைப்புற அரசியலில் ஏறி வந்து, ஆட்சியாளர்களின் நியமனத்தால் நீதிபதியானவர். அப்படிப்பட்ட ஒருவர் இராணுவத்துக்கு எதிராக ஒரு முறை எழுதிய தீர்ப்பு எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதைப் பார்ப்பது எமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எல்லைப்புறத்துக்கு வந்த சட்டத்தரணி

டண்டி 1830ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தின் ட்ரம்புல் பகுதியில் பிறந்தார். இளமையில் பென்சில்வேனியாவுக்குச் சென்று, அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே சட்டம் பயின்றார். அக்காலத்தில் அமெரிக்காவில் சட்டம் பயில்வதற்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. மூத்த சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் இருந்து புத்தகங்களைப் படித்துத் தேறினால் போதும். 1853இல் டண்டி சட்டத்தரணியானார். நான்கு ஆண்டுகள் பென்சில்வேனியாவில் தொழில் செய்துவிட்டு, 1857இல் மேற்கே புறப்பட்டு நெப்ராஸ்காவுக்கு வந்தார்.

அப்போது நெப்ராஸ்கா ஒரு மாநிலமல்ல. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட ஆள்புலம். ஆளுநரையும் நீதிபதிகளையும் வோஷிங்டனில் இருந்து ஜனாதிபதி நியமிப்பார். குடியேறியவர்கள் தமக்கென ஒரு சட்டசபையைத் தெரிவு செய்துகொள்ளலாம். 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கே எண்ணப்பட்டவர்கள் 28,841 பேர். இருபது ஆண்டுகள் கழித்து, 1880இல், அந்தத் தொகை 452,402 ஆகியிருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் டண்டியின் உத்தியோக வாழ்வு நடந்தது. பூர்வகுடி மக்களின் நிலம் குடியேறிகளின் நிலமாக மாறியதும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான்.

தென்கிழக்கு மூலையில் இருந்த ஃபோல்ஸ் சிற்றி என்ற சிறிய ஊரில் டண்டி அலுவலகம் திறந்தார். புதிதாக உருவாகும் ஊரில் சட்டத்தரணிக்கு வேலைக்குக் குறைவிருக்காது. காணி எல்லை, உறுதி, கடன், கால்நடைத் திருட்டு எல்லாமே அவரிடம்தான் வரும். அங்கிருந்து அரசியலுக்கு ஓர் அடிதான். வந்த மறு ஆண்டே, 1858இல், ஆள்புலச் சட்டசபையின் மேலவைக்கு அவர் தெரிவானார். அடிமைமுறையை நெப்ராஸ்காவில் தடை செய்வதா என்று அந்தச் சபை ஆண்டுக்கணக்காக வாதிட்டது. ஆளுநர் மறுத்தும் கேளாமல் 1861இல் அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்த ஆண்டுகளின் அரசியலில் வளர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் டண்டி.

1863இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அவரை ஆள்புலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவராக நியமித்தார். அந்த நீதிமன்றத்தின் அமைப்பு விசித்திரமானது. மொத்தம் மூன்று நீதிபதிகள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தமது மாவட்டத்தில் வழக்கை விசாரிப்பர். பின்னர் மூவரும் ஒன்றாக அமர்ந்து, தாம் தனித்தனியாகக் கொடுத்த தீர்ப்புகள் மீதான மேன்முறையீடுகளையே கேட்பர்.

1867இல் நெப்ராஸ்கா மாநிலமானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன், டண்டியை நெப்ராஸ்காவுக்கான சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தின் முதலாவது நீதிபதியாக நியமித்தார். அது ஆயுட்கால நியமனம். அப்போது அவருக்கு வயது 38. இறக்கும்வரை, 28 ஆண்டுகள், அதே ஆசனத்தில் இருந்தார். மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு மாவட்டத்துக்கு அவரின் பெயரே சூட்டப்பட்டது. வேட்டையில், குறிப்பாகக் கரடி வேட்டையில், பெருவிருப்பம் கொண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். குடியேறிகளில் ஒருவராக வந்து, அவர்களின் வாக்குகளால் வளர்ந்தவர் அவர். பூர்வகுடிகளின் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்ப்பதற்கு அவரின் வாழ்வில் அதுவரை எதுவும் இருக்கவில்லை.

நடந்து திரும்பிய பொன்கா மக்கள்

அவரின் பெயரைச் சட்ட வரலாற்றில் நிலைக்கச் செய்த வழக்கு, நையோப்ராரா ஆறு மிசூரி ஆற்றுடன் கலக்கும் இடத்தில் வாழ்ந்த பொன்கா என்ற சிறிய இனத்தினுடையது. அவர்கள் ஏறத்தாழ 700 பேர். பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். அமெரிக்க அரசுடன் ஒருபோதும் போர் செய்யாதவர்கள். 1858இலும் 1865இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் தமது நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, மிகுதி நிலம் தமக்கே உரியது என்ற உறுதியை எழுத்தில் பெற்றிருந்தார்கள்.

1868இல் அமெரிக்க அரசு சூ மக்களுடன் லரமிக் கோட்டையில் வேறோர் உடன்படிக்கை செய்தது. அதில் எல்லை குறித்த அதிகாரிகள், பொன்கா மக்களுக்கு உறுதியளித்திருந்த அதே நிலத்தையும் சூ மக்களின் பகுதிக்குள் சேர்த்து எழுதிவிட்டார்கள். எழுத்தில் நடந்த பிழை அது. அந்தப் பிழையை எழுத்திலேயே திருத்தியிருக்கலாம். அரசு அதைத் திருத்தவில்லை. மாறாக, மக்களையே அங்கிருந்து அகற்ற முடிவெடுத்தது.

1877இன் தொடக்கத்தில் பொன்கா தலைவர்கள் பத்துப் பேரைத் தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவான இந்திய ஆள்புலத்துக்கு அதிகாரி ஒருவர் கூட்டிச் சென்றார். காட்டப்பட்ட இடங்கள் எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இணங்காவிட்டால் திருப்பிக் கொண்டுபோய் விடமாட்டேன் என்று அதிகாரி சொல்லிவிட, எட்டுத் தலைவர்கள் குளிர்காலத்தில் ஏறத்தாழ 800 கிலோமீற்றர் நடந்தே ஊர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் மாச்சுநாஷா. அந்தப் பெயரின் பொருள் நிற்கும் கரடி. அப்படியே இங்கும் அவரை அழைக்கிறேன்.

அந்த ஆண்டு மே மாதத்தில் இராணுவம் வந்தது. வீடுகளையும் வயலையும் விட்டுவிட்டு முழு இனமும் தெற்கே நடத்திச் செல்லப்பட்டது. வழி முழுவதும் மழையும் புயலும். நிற்கும் கரடியின் மகள் வழியிலேயே நோயால் இறந்தார். அந்தப் பெண்ணின் பெயர் புல்வெளிப் பூ. மில்ஃபோர்ட் என்ற ஊரில் அடக்கம் செய்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வீடுகளும் இல்லை, பயிரிடக் கருவிகளும் இல்லை. பழக்கமற்ற வெப்பத்தில் மலேரியா பரவியது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த இனத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இறந்துபோனார்கள்.

1878 டிசம்பரில் நிற்கும் கரடியின் மூத்த மகனும் இறந்தான். தன்னைத் தாத்தா பாட்டியர் கிடக்கும் நையோப்ராரா மண்ணில் புதைக்க வேண்டும் என்பது அவனின் கடைசி விருப்பம். தகப்பன் வாக்குக் கொடுத்தார். 1879 ஜனவரி 2ஆம் திகதி, மகனின் உடலை ஒரு பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ முப்பது பேருடன் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அனுமதி இல்லை. பணம் இல்லை. நடுக்குளிர்காலம். பத்து வாரங்கள் அளவில் நடந்து, மார்ச் மாதத்தில் நெப்ராஸ்காவில் உறவினரான ஒமாஹா மக்களின் பகுதியை வந்தடைந்தார்கள். சொந்த ஊர் இன்னும் சில நாள் நடைத் தூரத்தில் இருந்தது.

அங்கே இராணுவம் அவர்களைக் கைது செய்தது. உள்துறைச் செயலாளர் கார்ல் ஷூர்ஸின் பணிப்பில் வந்த கட்டளை அது. பிடித்து ஒமாஹா கோட்டையில் தடுத்து வைத்து, மீண்டும் தெற்கே அனுப்ப வேண்டும். கட்டளையை நிறைவேற்றியவர் பிரிகேடியர் ஜெனரல் ஜோர்ஜ் குரூக். பூர்வகுடிகளுக்கு எதிராகப் பல போர்களை நடத்தியவர். ஆனால் இந்தக் கட்டளை அவருக்கே உவப்பாக இருக்கவில்லை.

மனுவும் விசாரணையும்

ஒமாஹா நகரில் தோமஸ் டிபிள்ஸ் என்ற பத்திரிகை உதவி ஆசிரியர் இருந்தார். கோட்டைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்து, அவர்களின் கதையை எழுதி, தந்தி வழியாக நாட்டின் கிழக்குப் பகுதிப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். அதோடு நிற்காமல் இரண்டு சட்டத்தரணிகளையும் தேடிப் பிடித்தார். ஒருவர் ஜோன் வெப்ஸ்டர். மற்றவர் அன்ட்ரூ பொப்பிள்டன், யூனியன் பசிபிக் புகையிரதக் கம்பனியின் தலைமைச் சட்டத்தரணி, ஒமாஹாவின் முன்னாள் மேயர். இருவரும் கட்டணம் வாங்காமல் வாதாட ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நிற்கும் கரடியின் பெயரில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. எதிர்மனுதாரர் ஜெனரல் குரூக்.

டண்டி மனுவை ஏற்று, கைதிகளைக் கொண்டுவந்து காரணம் காட்டுமாறு ஜெனரலுக்குக் கட்டளையிட்டார். அரசியல் ரீதியில் பார்த்தால் இந்தக் கையெழுத்தே ஒரு துணிவு. பூர்வகுடி ஒருவர் தமது விடுதலைக்காக இராணுவத்தை எதிர்த்து இப்படி ஒரு சமஷ்டி நீதிமன்றத்துக்கு வந்தது அதுவரை நடவாத காரியம்.

விசாரணை மே 1ஆம், 2ஆம் திகதிகளில் நடந்தது. அரச சட்டத்தரணி ஜெனியோ லம்பேர்ட்சனின் வாதம் எளிமையானது. பூர்வகுடி ஒருவர் பிரஜையும் அல்லர், சட்டம் சொல்லும் ஆளும் அல்லர். ஆகவே அவரால் மனுவே தாக்கல் செய்ய முடியாது. பிடித்தது சரியா பிழையா என்ற கேள்விக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. இந்த வாதத்தின் அச்சத்தை நாங்கள் உடனே புரிந்துகொள்வோம். குற்றம் செய்தார் என்று சொல்வதில்லை. குற்றம் செய்தாரா என்று கேட்கும் உரிமையே அவருக்கு இல்லை என்று சொல்வது.

வாதங்கள் முடிந்தபோது இரவாகிவிட்டது. நீதிமன்ற அமர்வு முடிந்தது என்று அறிவித்துவிட்டு, கைதி பேச விரும்பினால் பேசலாம் என்று டண்டி இடம் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் மூலம் நிற்கும் கரடி பேசினார். தனது கையை முன்னே நீட்டி, நிறம் வேறானாலும் அதைக் குத்தினால் வலிக்கும், வருவதும் அதே நிறத்து இரத்தம்தான் என்ற கருத்தைச் சொன்னார். தன்னையும் தன் குடும்பத்தையும் வெள்ளம் துரத்த, உயிர்தப்பும் ஒரேயொரு பாதையை ஒருவர் மறித்து நிற்பதுபோல் உணர்வதாகவும், அந்த ஒருவர் நீதிபதிதான் எனவும் சொல்லி முடித்தார். மண்டபத்தில் பலர் அழுதார்கள். ஜெனரல் குரூக் எழுந்து சென்று கைகொடுத்ததாகப் பதிவு உண்டு.

தீர்ப்பு சொன்னது என்ன?

பத்து நாட்கள் கழித்து, 1879 மே 12ஆம் திகதி, டண்டியின் தீர்ப்பு வெளிவந்தது. அதை முழுமையாகப் படித்தபோது என்னைக் கவர்ந்தது அதன் தொடக்கம். தமது 15 ஆண்டு நீதிச் சேவையில் இவ்வளவு தூரம் தமது அனுதாபத்தைத் தொட்ட வழக்கு வேறில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். உடனேயே, அனுதாபத்தைக் கொண்டு தீர்ப்பளிக்க முடியாது, சட்டத்தைக் கொண்டுதான் முடியும் என்று அதை ஒரு பக்கம் வைத்துவிடுகிறார். கண்ணீர் வற்றிவிடும். சட்டப்படி எழுதினால்தான் நிற்கும். அவர் அதை அறிந்திருந்தார்.

ஆட்கொணர்வுச் சட்டம் பிரஜை என்று சொல்லவில்லை, ஆள் என்றே சொல்கிறது என்பது அவரின் முதல் நிலைப்பாடு. அப்படியானால் ஆள் என்றால் யார்? டண்டி அகராதியைத் திறந்தார். வெப்ஸ்டர் அகராதி அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருளை எடுத்துக்காட்டி, அந்த விளக்கத்துக்குள் ஒரு பூர்வகுடியும் அடங்குவார் என்று எழுதினார். இன்று படிக்கும்போது, இதற்கும் அகராதி வேண்டியிருந்ததா என்று கோபம் வருகிறது. ஆனால் அரசு மறுத்தது அந்த ஒரு சொல்லைத்தான். நிலைநாட்ட வேண்டியிருந்ததும் அதைத்தான்.

அடுத்து இராணுவத்தின் அதிகாரம். அனுமதியின்றி ஒரு பூர்வகுடிப் பகுதிக்குள் இருப்பவரை இராணுவம் அகற்றலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அப்படி அகற்றப்பட்டவரை அருகிலுள்ள சிவில் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில் அவர் வாழ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோய் வைக்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. அப்படி ஓர் அதிகாரம் இருப்பதாக ஏற்றுக்கொண்டால், தளபதி விரும்பிய எந்தச் சிறையிலும் இவர்களை அடைத்து வைக்கலாம் என்றாகிவிடும் என்று டண்டி சுட்டிக்காட்டினார். கட்டளை மேலிடத்திலிருந்து வந்தது என்பது அவருக்குப் போதுமான பதிலாக இருக்கவில்லை. மேலிடத்துக்கு அந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் கொடுத்தது என்று கேட்டார்.

கடைசியாக, அமைதியான காலத்தில் சட்டத்தை மீறாமல் வாழும் வரை, தமது இனக்குழுவை விட்டு விலகி விரும்பிய இடத்தில் வாழும் உரிமை வெள்ளையருக்கு இருப்பதுபோல் பூர்வகுடிகளுக்கும் உண்டு என்றார். கைதிகளை விடுவிக்கக் கட்டளையிட்டார்.

நிற்கும் கரடி மகனை நையோப்ராரா ஆற்றங்கரை மண்ணில் அடக்கம் செய்தார். கொடுத்த வாக்கு நிறைவேறியது.

தீர்ப்பின் எல்லை

இங்கே நிறுத்தினால் இது ஒரு நல்ல கதை. பாடப் புத்தகங்களில் இது பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறது. ஆனால் வாழ்வு அதற்குப் பின்னரும் நடந்தது.

நிற்கும் கரடியின் சகோதரர் பெரும் பாம்பு, தெற்கே இந்திய ஆள்புலத்தில் இருந்தார். தீர்ப்பு தனக்கும் பொருந்தும் என்று நம்பி, அனுமதியின்றி அருகிலிருந்த வேறொரு பகுதிக்குச் சென்றார். அவரைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1879 ஒக்டோபர் 31ஆம் திகதி, பொன்கா முகவரின் அலுவலகத்துக்குள் அவரைக் கைது செய்ய வந்த படையினர் சுட்டுக் கொன்றார்கள். தீர்ப்பு வெளியாகி ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை. தீர்ப்பு மனுவில் பெயருள்ளவர்களுக்கு மட்டுமே என்பது அரசின் நிலைப்பாடு. மேன்முறையீட்டு முயற்சியையும் அரசு கைவிட்டுவிட்டது. அதனால் உயர்ந்த நீதிமன்றம் ஒன்று அதை உறுதிப்படுத்தி, நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டமாக்கும் வாய்ப்பும் இல்லாமல் போனது.

டண்டி விடுவித்தது தனித்தனி ஆட்களை. அவரின் தர்க்கத்தின்படி அவர்கள் விடுதலை பெற்றதே, தமது இனத்தை விட்டு விலகிவிட்டார்கள் என்பதால்தான். இனமாக அவர்களுக்கிருந்த உரிமையை, உடன்படிக்கை மூலம் உறுதியான நிலத்தை, அந்த வழக்கு மீட்டுத் தரவில்லை. அது அவர்முன் கேட்கப்பட்ட கேள்வியும் அல்ல. ஆட்கொணர்வு மனு ஓர் ஆளின் உடலுக்கான பரிகாரம். ஒரு மக்களின் மண்ணுக்கான பரிகாரம் அல்ல.

அடுத்த ஆண்டே இன்னொரு பரீட்சை வந்தது. ஜோன் எல்க் என்ற பூர்வகுடி, தமது இனத்திலிருந்து விலகி ஒமாஹா நகரில் வாழ்ந்துவந்தார். 1880 ஏப்ரலில் வாக்காளராகப் பதியச் சென்றபோது பதிவாளர் மறுத்தார். நிற்கும் கரடிக்காக வாதாடிய அதே வெப்ஸ்டரும் பொப்பிள்டனும் எல்க்குக்காக வழக்குத் தொடுத்தார்கள். வழக்கைக் கேட்ட இருவர் அமர்வில் ஒருவர் டண்டி. இம்முறை பூர்வகுடி தோற்றார். உச்ச நீதிமன்றமும் 1884இல் அதையே உறுதி செய்தது. ஒன்பது நீதிபதிகளில் இருவர் மட்டும் மறுத்தார்கள். இனத்தை விட்டு விலகினால் மட்டும் பிரஜையாகிவிட முடியாது, அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே பெரும்பான்மையின் முடிவு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். 1879இல் ஒருவர் தமது இனத்தை விட்டு விலகலாம் என்றது நீதிமன்றம். எல்க் வழக்கில், விலகி வந்தவருக்கு வாக்கில்லை என்றது. ஆள் என்பது கிடைத்தது. பிரஜை என்பது கிடைக்கவில்லை. இனம் என்பது பேசப்படவேயில்லை. பூர்வகுடிகள் எல்லோருக்கும் அமெரிக்கப் பிரஜாவுரிமை சட்டத்தால் கிடைத்தது 1924இல். எல்க் வழக்கு முடிந்து 40 ஆண்டுகள் கழித்து.

தனி ஆளாகப் பார்ப்பதில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. பொன்கா மக்களுக்காகக் கிழக்குப் பகுதி நகரங்களில் குரல் கொடுத்த சீர்திருத்தவாதிகள் பலர் நல்லெண்ணம் உள்ளவர்கள். நிற்கும் கரடியின் உரையை 1879இல் பொஸ்ரனில் கேட்ட ஹெலன் ஹன்ட் ஜாக்சன், அரசு மீறிய உடன்படிக்கைகளைத் தொகுத்து 1881இல் ஒரு நூலே வெளியிட்டார். பொன்கா மக்களின் பக்கம் பேசிய செனட்டர்களில் ஒருவர் ஹென்றி டோஸ். அவரின் பெயரில்தான் 1887இல், பொதுவாக இருந்த பூர்வகுடி நிலத்தைத் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. பிரித்து எஞ்சியது குடியேறிகளுக்குப் போனது. 1887இல் பூர்வகுடிகளிடம் இருந்த 138 மில்லியன் ஏக்கர் நிலம் 1934இல் 48 மில்லியனாகக் குறைந்திருந்தது. துப்பாக்கியால் எடுத்ததை விடப் பத்திரத்தால் எடுத்தது குறைவல்ல.

கடைசி ஆண்டுகள்

டண்டி தமது ஆசனத்தில் தொடர்ந்தார். அவரின் பிந்திய ஆண்டுகளின் பெரிய வழக்கு புகையிரதக் கம்பனியினுடையது. 1893இல் யூனியன் பசிபிக் கடனில் மூழ்கியபோது, நிர்வாகம் நீதிமன்றத்தின் பொறுப்பில் வந்தது. தொழிலாளரின் சம்பளத்தைக் குறைக்க நிர்வாகிகள் கேட்டார்கள். தொழிலாளரைக் கேளாமலேயே டண்டி அனுமதித்தார். மேலே இருந்த நீதிபதி ஹென்றி கோல்ட்வெல் 1894இல் அதை ரத்துச் செய்து, பழைய சம்பளத்தையே நிலைநிறுத்தினார். இராணுவத்தின் கட்டளைக்குச் சட்டம் எங்கே என்று கேட்டவர், கம்பனியின் கணக்கை அப்படிக் கேட்கவில்லை.

1896 ஒக்டோபர் 28ஆம் திகதி, 66ஆவது வயதில், ஒமாஹாவில் டண்டி காலமானார். அவரின் பெயரையே கொண்ட மகன், தகப்பனின் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து, பின்னர் நியூயோர்க்கின் கோனி தீவில் 1903இல் திறந்த லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவின் பங்காளரானார். சில காலம் டண்டி என்ற பெயர் தகப்பனை விட மகனாலேயே கூடுதலாக அறியப்பட்டது.

பொன்கா மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரும்பாலானோர் தெற்கேயே தங்கிவிட, ஒரு பகுதியினர் நையோப்ராராவுக்குத் திரும்பினர். 1881இல் காங்கிரஸ் அந்த மக்களுக்கு 165,000 டொலர் இழப்பீடு ஒதுக்கியது. நிற்கும் கரடி 1908இல் தமது சொந்த மண்ணில் இறந்தார். வடக்கே திரும்பியவர்களின் வழித்தோன்றல்களை ஓர் இனமாக ஏற்பதை 1960களில் அரசு ரத்துச் செய்தது. நீண்ட முயற்சிக்குப் பின் 1990இல் அந்த ஏற்பு மீண்டது. 2019இல் வோஷிங்டனில் காங்கிரஸ் கட்டிடத்தில் நெப்ராஸ்காவின் சார்பில் நிற்கும் கரடியின் சிலை நிறுவப்பட்டது. 2023 மே 12ஆம் திகதி, தீர்ப்பின் நினைவு நாளில், அவரின் படத்துடன் முத்திரை வெளியானது.

டண்டியைப் பெரிய மனிதராக்க நான் இதை எழுதவில்லை. அவர் ஒரு நாள் தமது வேலையைச் சரியாகச் செய்தார். சட்டம் ஆள் என்று சொல்லும்போது ஆள் என்றே படித்தார். இராணுவம் கட்டளை என்று சொல்லும்போது சட்டத்தைக் காட்டு என்றார். அது சிறியதல்ல. அந்தக் கேள்வியைக் கேட்கும் நீதிபதி கிடைக்காமல் எத்தனை கோவைகள் தூசு படிந்து கிடக்கின்றன என்பது எமக்குத் தெரியும்.

ஆனால் அந்த நீதிபதி தானாக வரவில்லை. மகனின் உடலுடன் நடந்த ஒரு தகப்பன் இருந்தார். எழுதிய பத்திரிகையாளர் இருந்தார். பணம் வாங்காத இரு சட்டத்தரணிகள் இருந்தார்கள். உவப்பில்லாத கட்டளையை மறைக்காமல் நீதிமன்றத்துக்கு வந்து நின்ற தளபதிகூட இருந்தார். தீர்ப்பு வந்த பின்னும் வேலை முடியவில்லை. ஓர் ஆளை விடுவிக்க ஒரு நீதிபதி போதும். பிரஜாவுரிமைக்கு 45 ஆண்டுகளும், இனமாக மீண்டும் ஏற்கப்பட நூறாண்டுக்கு மேலும் சென்றன. அந்தக் காலம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அந்த மக்கள்தான்.